இரும்பின் பிறப்பைக் கேள்!

“இரும்புத் தகடுதானே! இதில் என்ன அரசியல்? உங்களுக்கு எதைத் தொட்டாலும் அரசியல்தானா?” என்று கேட்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. கேட்கட்டும். கேள்வி கேட்பது நமக்குப் பிடித்த காரியம். பதிலைக் கேட்கும் பொறுமையும் அவர்களுக்கு வேண்டும், அவ்வளவுதான்.

மீஞ்சூருக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாயையும் கொசஸ்தலையாற்றையும் தாண்டினால் காட்டுப்பள்ளி. வலை உலர்ந்த கரை அது. இன்று அங்கே போர்க்கப்பல் கட்டும் தளம் நிற்கிறது. 2022 டிசம்பர் 20-ல் ‘அர்னாலா’ என்னும் கப்பல் நீரில் இறங்கியது அந்தக் கரையிலிருந்துதான். நீளம் 77 மீட்டர். கரையோரத்து ஆழமற்ற நீரில் பதுங்கி வரும் நீர்மூழ்கியைத் தேடிப் பிடிப்பது அதன் தொழில். கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளம் 2019-ல் எட்டுக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் பெற்றது. காட்டுப்பள்ளியின் லார்சன் அண்டு டூப்ரோ தளத்தைக் கூட்டாகச் சேர்த்துக்கொண்டது. அந்த வரிசையில் முதற்பிள்ளை அர்னாலா. 2025 ஜூன் 18-ல் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. ஏடுகளில் படம் வந்தது. தளபதிகளைக் கண்டோம், கொடியைக் கண்டோம். கப்பலின் உடம்பு எதனால் ஆனது, ‘இந்த உடம்பை நம்பலாம்’ என்று கையெழுத்திட்டவர் யார் என்பதைப் படம் காட்டாது. நாம் பேச வந்தது அந்தக் கையெழுத்தைப் பற்றி.

மனிதனைப் பார்த்து, “எங்கே பிறந்தாய்? எந்தக் குலத்தில் பிறந்தாய்?” என்று கேட்பது மடமை, கொடுமை என்று ஊர் ஊராய், மேடை மேடையாய்ப் பேசியவர்கள் நாம். அதில் மாற்றமில்லை. ஆனால் தோழர்களே, இரும்பிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். எந்த உலையில் பிறந்தாய்? எந்த நாளில் வார்த்தார்கள்? உன் உடம்பில் கரி எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு? மனிதனின் குணம் பிறப்பில் இல்லை. உருக்கின் குணம் முழுவதும் பிறப்பிலும் வளர்ப்பிலும் இருக்கிறது. கரி கொஞ்சம் கூடினால் கடினம் கூடும், பற்றவைப்பு கெடும். கந்தகமும் பாஸ்பரசும் மிஞ்சினால் உரம் போய்விடும். வெளியே பார்த்தால் எல்லாத் தகடும் கறுப்புத்தான். கண்ணால் கண்டு பிரிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

ஆகவேதான் ஒரு முறை உலையில் உருக்கி இறக்கிய உருக்குக்கு ஓர் எண் தருகிறார்கள். ‘ஹீட் நம்பர்’ என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த உருக்கை உருட்டித் தகடாக்கும்போது தகட்டுக்கு இன்னோர் எண். இரண்டும் தகட்டின் மேல் குத்தப்படுகின்றன. கூடவே ஒரு தாள் வருகிறது: ஆலைச் சோதனைச் சான்று. இழுத்துப் பார்த்தபோது எவ்வளவு பளுவில் நீண்டது, எவ்வளவில் அறுந்தது, சம்மட்டியால் அடித்தபோது எவ்வளவு அடியை உள்வாங்கியது, ஒலியலை செலுத்திப் பார்த்தபோது உள்ளே அடுக்குப் பிளவு உண்டா இல்லையா — இத்தனையும் அந்தத் தாளில் எழுதப்பட வேண்டும். தகட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர் வைக்கட்டும், அது அவர் விருப்பம். உள்ளே ஒளிந்திருக்கும் பிளவைச் சந்தனம் சொல்லாது, ஒலியலை சொல்லும்.

எந்த உருக்கை எதற்குத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் மேதாவிகள் சிலர் தவறுகிறார்கள். ‘கடினமான உருக்குத்தான் நல்ல உருக்கு’ என்று எண்ணுகிறார்கள். நம் மாவட்டத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. ஆவடியில் 1961-ல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. டாங்கியின் மேனிக்குக் கடினம் வேண்டும், குண்டை நிறுத்தியாக வேண்டும். ஆனால் கடினம் அளவு மீறினால் என்ன ஆகும்? குண்டு துளைக்காது, தகட்டின் உட்புறம் செதில் செதிலாய்த் தெறிக்கும். பகைவனின் குண்டுக்குத் தப்பிய சிப்பாய் நம் தகட்டின் துண்டுக்குப் பலியாவான். ஆகவே கவசத் தகட்டின் மாதிரியை நிறுத்தி வைத்து, உண்மையிலேயே சுட்டுப் பார்க்கிறார்கள். கப்பலின் உடம்புக்கு வேண்டியது வேறு. அலையில் நெளிய வேண்டும், கண்ணிவெடியில் நசுங்கலாம், ஆனால் முறியக் கூடாது. அதோடு, மைல் கணக்கில் பற்றவைக்கப்பட்டும் தன் குணம் மாறாமல் இருக்க வேண்டும். டாங்கிக்கு ஏற்றதைக் கப்பலில் போட்டாலும் தவறு, கப்பலுக்கு ஏற்றதை டாங்கியில் போட்டாலும் தவறு.

முறிதல் என்றால் என்ன என்பதை உலகம் ஒரு குளிர்கால இரவில் கற்றுக்கொண்டது. 1943 ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரத்துத் துறையில் ‘ஷெனெக்டடி’ என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் கட்டி நின்றது. கடற்சோதனையெல்லாம் முடித்துத் திரும்பிய கப்பல். புயல் இல்லை, அலை இல்லை, பகைவன் இல்லை. திடீரென்று பேரொலியோடு நடுவில் இரண்டாகப் பிளந்தது! யுத்த காலத்தில் அவசர அவசரமாகக் கட்டப்பட்ட லிபர்டி சரக்குக் கப்பல்களிலும் இப்படிப் பல விரிசல்கள் கண்டன. முதலில் பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? பற்றவைத்த தொழிலாளியின்மேல்! “வெல்டிங் சரியில்லை” என்றார்கள். எங்கும் அதே கதைதான். மேலே தவறினால் கீழே அடி. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் அறிஞர் ஆராய்ந்து சொன்னார்: குறை உருக்கிலேயே இருக்கிறது, குறிப்பிட்ட குளிருக்குக் கீழே போனால் அந்த உருக்கு வளையும் குணத்தை இழந்து கண்ணாடிபோல் உடைகிறது என்று. பற்றவைப்பில் பழுதே இல்லை என்பதல்ல. அங்கே தோன்றிய சிறு விரிசலைத் தடுத்து நிறுத்தும் சக்தி தகட்டுக்கு இல்லை என்பதே உண்மை.

அந்தக் குணத்தை அளக்கத்தான் சார்ப்பி சோதனை. பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பெயர் அது. 55 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சிறு துண்டு. நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு வெட்டு. குறித்த குளிருக்குக் குளிர வைத்து, ஊஞ்சல்போல் ஆடும் சம்மட்டியால் ஒரே அடி. சுண்டுவிரல் அளவுத் துண்டு, பல டன் தகட்டின் யோக்கியதையைச் சொல்லிவிடும்.

“நம்ம ஊரில் பனியா பெய்கிறது? வெயில் கொளுத்தும் எண்ணூர்க் கடலுக்கு எதற்கய்யா இந்தக் குளிர்ச் சோதனை?” என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. கப்பல் எண்ணூரிலேயே கட்டி நிற்பதற்காகக் கட்டப்படுவதில்லை, அது ஒன்று. இரண்டாவது, வெடியின் அதிர்ச்சி கண் இமைக்கும் நேரத்தில் உருக்கைத் தாக்குகிறது. அவ்வளவு வேகத்தில் அடிபட்டால், வெயிலில் கிடக்கும் உருக்கும் குளிரில் கிடப்பதுபோலவே நடந்துகொள்ளும். குளிர்ச் சோதனை என்பது பனிக்கான சோதனை மட்டுமல்ல, போருக்கான சோதனை.

இதே கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், பேனாவை எடுத்தவர் ஒருவர் இருந்தார். நடந்தது அமெரிக்காவின் டகோமா நகரத்திலுள்ள பிராட்கென் வார்ப்பாலையில். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளுக்கு உருக்கு வார்ப்புகள் தந்துவந்த ஆலை அது. அங்கே உலோகத் துறைக்குப் பொறுப்பாயிருந்த அம்மையார், 1985-லிருந்து 2017 வரை, குறைந்தது 240 வார்ப்பு வேலைகளில், தேறாத முடிவுகளைத் தேறியதாகத் திருத்தி எழுதினார். காரணம் கேட்டபோது, அத்தனை கடுங்குளிரில் சோதிக்கச் சொல்வதே மடத்தனம் என்று தாம் கருதியதால் சிலவற்றை மாற்றியிருக்கலாம் என்றார். முப்பத்திரண்டு ஆண்டுகள்! கடலின் அடியில் மூச்சடக்கிக் கிடந்த மாலுமிகளுக்குத் தெரியாது, தங்கள் உயிர் ஒரு பேனாவின் நுனியில் தொங்குகிறது என்று. 2020-ல் அந்த நிறுவனம் ஒரு கோடியே ஒன்பது இலட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2022-ல் அம்மையாருக்கு இரண்டரை ஆண்டு சிறை.

இதைக் கண்டுபிடித்தது யார்? கடற்படைத் தளபதியா? கணக்குத் தணிக்கையாளரா? இல்லை. அதே சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த ஓர் ஊழியர், அட்டையில் எண் திருத்தப்பட்டிருப்பதைக் கண்டார், சொன்னார். தோழர்களே, இந்த ஒரு வரியை மனத்தில் வையுங்கள். திரும்ப வருவோம்.

அதே 2017-ல் ஜப்பானில் கோபே ஸ்டீல் என்ற மாபெரும் நிறுவனம் தலைகுனிந்தது. வாங்குபவர் கேட்ட அளவில் இல்லாத உலோகத்தை, இருப்பதாகச் சான்றெழுதி, 500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அனுப்பியிருந்தது. ஜப்பான் என்றால் ஒழுங்கு, அமெரிக்கா என்றால் விஞ்ஞானம் என்று நமக்குப் பாடம் நடத்தும் கனவான்கள் இதை வாசிக்க வேண்டும். தேசம் எதுவானாலும், செய்பவனே சோதிப்பவன், சோதிப்பவனே சான்றளிப்பவன் என்று ஆகிவிட்டால், இலாபத்தின் கை பேனாவைத் தேடும்.

சான்றிலும் இரண்டு வகை உண்டு. ஐரோப்பியத் தரவிதி 10204 அவற்றை எண்ணால் குறிக்கிறது. கப்பல் தளத்திலும் பட்டறையிலும் ‘மூணு புள்ளி ஒண்ணு’, ‘மூணு புள்ளி ரெண்டு’ என்பார்கள். மூன்று புள்ளி ஒன்று: ஆலையின் சொந்தச் சோதனைப் பிரிவே கையெழுத்திடுவது. உற்பத்திப் பிரிவைச் சாராதவர் இடவேண்டும் என்பது விதி, ஆனால் சம்பளம் ஒரே பெட்டியிலிருந்து. மூன்று புள்ளி இரண்டு: அதே தாளில் வாங்குபவரின் ஆளோ, விதிப்படி அமர்த்தப்பட்ட வெளி ஆளோ இரண்டாவது கையெழுத்திட வேண்டும். வணிகக் கப்பல்களின் தகட்டை வகைப்படுத்தும் சங்கங்களின் ஆய்வாளர் பார்க்கிறார். அர்னாலாவும் இந்தியக் கப்பல் பதிவகத்தின் விதிப்படிக் கட்டப்பட்டதே. தரைப்படைத் தளவாடங்களுக்குப் பாதுகாப்புத் துறையின் தர உறுதி இயக்ககம் இருக்கிறது. ஆக, நாம் கேட்பது புதிதல்ல. இருக்கும் இரண்டாவது கையெழுத்து எங்கும் தளரக் கூடாது என்பதுதான்.

தளருமோ என்ற ஐயம் ஏன்? காற்று அந்தப் பக்கம் வீசுகிறது. 2017-ல் பாதுகாப்பு அமைச்சகம் ‘பச்சை வழி’ என்றொரு திட்டம் கொண்டுவந்தது. நற்பெயர் பெற்ற நிறுவனங்கள், குறித்த சில பொருள்களையும் உதிரிகளையும், அனுப்புமுன் நடக்கும் அரசுச் சோதனை இல்லாமலே, தங்கள் உத்தரவாதத்தின் பேரில் தரலாம். 2024 மார்ச்சில் தர உறுதி இயக்ககமே மாற்றியமைக்கப்பட்டது. சோதனை விரைவுபட வேண்டும், தொழில் நடத்துவது எளிதாக வேண்டும் என்பது சொல்லப்பட்ட நோக்கம். கவசத் தகடு பச்சை வழியில் போகிறது என்று நாம் சொல்லவில்லை. தாமதத்துக்காகத் தாமதம் வேண்டும் என்றும் சொல்லவில்லை. கோப்பு தூங்கினால் எழுப்புங்கள். ஆனால் கோப்பின் தாமதம் வேறு, சோதனைக்கு வேண்டிய நேரம் வேறு. கனத்த கவச உருக்கைப் பற்றவைத்தால், உள்ளே புகுந்த ஹைட்ரஜன் மெல்ல வேலை செய்து, இன்று நன்றாயிருந்த இணைப்பில் நாளை மறுநாள் விரிசல் விடும். அதற்காகவே 48 மணி நேரம் பொறுத்துப் பிறகு சோதிக்கும் வழக்கம். அந்த இரண்டு நாளைச் ‘சோம்பல்’ என்று கணக்கெழுதும் மேலாளரை என்னென்பது?

இன்னொரு தந்திரமும் உண்டு. டெண்டரில் உருக்கின் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் ‘அல்லது அதற்கு நிகரானது’ என்று சேர்ப்பது. நிகர் என்று சொல்வது யார்? விற்பவரே! இழுவிசையில் நிகராயிருக்கும், குளிரடியில் நிகராயிராது. ‘நிகர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் சோதனைத் தாள் இல்லையென்றால் அது வெறும் வாய்ச்சொல்.

நல்லதையும் சொல்ல வேண்டும், சொல்லுவோம். போர்க்கப்பல் உருக்குக்கு ஒரு காலத்தில் ருஷ்யாவின் கையை எதிர்பார்த்திருந்த நாடு இது. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோக ஆய்வுக்கூடமும் அரசுத் துறை உருக்கு நிறுவனமான ‘செயில்’ நிறுவனமும் சேர்ந்து டி.எம்.ஆர். 249 ஏ என்ற உருக்கை உருவாக்கின. 2022 செப்டம்பர் 2-ல் கொச்சியில் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கி விக்ராந்தில் ஏறத்தாழ 30,000 டன் இத்தகைய உருக்கு இருக்கிறது. பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகள் தந்தவை. தனியார் முதலாளி கண்டுபிடித்ததல்ல, பொதுத் துறைத் தொழிலாளியும் அரசு விஞ்ஞானியும் பலமுறை உருக்கி, உடைத்து, மறுபடி உருக்கிப் பெற்றது.

ரூர்கேலாவும் பிலாயும் வடக்கே. நம் சேலத்தில்? கஞ்சமலையில் இரும்புத் தாது கிடக்க, உருக்காலை கேட்டு 1967-ல் அண்ணா எழுச்சி நாள் கொண்டாடச் சொன்னார். 1970-ல் அடிக்கல் விழுந்தது. 1981-ல் ஆலை ஓடியபோது, அது துருப்பிடிக்காத உருக்குச் சுருளை மெலிதாக உருட்டும் ஆலையாக இருந்தது. கஞ்சமலைத் தாது கஞ்சமலையிலேயே கிடந்தது. அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் பேசுவோம். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் ஏறத்தாழ 5,300 ஆண்டுக்கு முந்தையது என்றது. மார்தட்டினோம், தட்டலாம். ஆனால் முப்பாட்டன் இரும்பு உருக்கினான் என்பது இன்று நம் கையிலுள்ள தகட்டுக்குச் சான்றாகாது. தகடு வடக்கேயிருந்து வருகிறது. வெட்டுவதும் வளைப்பதும் பற்றவைப்பதும் நம் தோழர்களின் கை. ஆலை தந்த சான்று உயிரோடிருப்பதும் சாவதும் அந்தக் கையில்தான்.

எப்படி? மீஞ்சூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறை. போர்த் தளவாட வேலையல்ல, தண்ணீர்த் தொட்டி வேலை. பெரிய தகட்டிலிருந்து வேண்டிய வடிவத்தை வெட்டி எடுத்தார்கள். எண் குத்திய மூலை வெட்டிய பகுதியோடு போய்விட்டது. மிச்சத் துண்டு சுவரோரம் சாய்ந்தது. அங்கே ஏற்கெனவே நான்கு துண்டுகள், நான்கும் அநாதைகள். “அண்ணே, இது எந்த ஹீட்?” என்று கேட்டோம். வயதில் மூத்த பிட்டர் சிரித்தார். “இன்னா தோழரே, நம்பரு போனா இன்னா, இரும்பு போய்டுமா? நாளைக்கு எதுக்கு ஆவுதோ அதுக்குப் போட்டுக்க வேண்டியதுதான்.” அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வெட்டுமுன் எண்ணை மிச்சத் துண்டுக்கு மாற்றிக் குத்த வேண்டும், ஆய்வாளர் பார்க்கக் குத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும், அதற்கான நேரத்தை யாரும் தரவில்லை. தண்ணீர்த் தொட்டியில் இந்தப் பழக்கம் படிந்தால், அதே கை நாளை வேறு வாசலில் ஒப்பந்தக் கூலியாய் நுழையும்போது பழக்கமும் கூடவே நுழையும். ரூர்கேலாவில் உருக்கி, ஐதராபாத் ஆராய்ந்து, இரண்டு கையெழுத்து வாங்கிய தகடு, சுவரோரத்தில் சாய்ந்த நிமிடத்தில் ஊர் பேர் தெரியாத இரும்பாகிவிடுகிறது.

இப்போது அந்த டகோமா ஊழியருக்குத் திரும்புவோம். அவர் கண்டார், சொன்னார். நம் ஊரில், மூன்று மாதத்துக்கொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒரு தொழிலாளி, “ஐயா, இந்தத் துண்டில் எண் இல்லை, நான் பற்றவைக்க மாட்டேன்” என்று சொன்னால் என்ன நடக்கும்? நாளை வாசலில் அவர் பெயர் இராது. முறைகேட்டை வெளியிடுவோரைக் காக்கும் சட்டம் 2014-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆண்டுகள் பல ஓடியும் அமலுக்குக் கொண்டுவராமல் கிடப்பில் போட்டார்கள். வந்தாலும் அது அரசு ஊழியர் செய்யும் தவற்றைப் பற்றியது, ஒப்பந்தக்காரரின் கொட்டகைக்கு எட்டாது.

ஆகவே தொழிற்சங்கத் தோழர்கள் கூலி, போனஸ், கேண்டீன் என்று எழுதும் கோரிக்கைத் தாளில் இதையும் எழுத வேண்டும். எண் இல்லாத தகட்டைத் தொட மறுப்பவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. தகட்டின் சான்று அலுவலகப் பீரோவில் பூட்டிக் கிடக்காமல், வேலை நடக்கும் இடத்தில், தமிழில் தொங்க வேண்டும். பற்றவைப்பவருக்கு இன்ன உருக்கு, இத்தனை சூடு ஏற்றிய பிறகே தொட வேண்டும், இத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது படிக்கத் தெரிந்த மொழியில் தெரிய வேண்டும். இன்னொன்று, முதலாளிமார் முதலில் முகம் சுளிக்கப் போவது இதற்குத்தான்: மீட்டர் கணக்கில் கூலி பேசும் இடங்களில், மிச்சத் துண்டுக்கு எண் மாற்றிக் குத்தும் அந்தச் சில நிமிடங்களுக்கு இன்று காசு இல்லை. அதற்கும் கூலி எழுதப்பட வேண்டும்.